கீழே பிரியாணிக் கடை, மேலே எங்கள் ஆபீஸ்: வாடைக்கு எந்த ஃபில்டர்?

மதியம் 12.15-க்குக் கீழே தம் உடைப்பார்கள். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் எங்கள் ஆபீஸில் 38 பேரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். சென்னையில் முதல் மாடியில் ஆபீஸ், தரைத் தளத்தில் பிரியாணிக் கடை என்றால் முதல் வாரம் அது அதிர்ஷ்டம். மூன்றாவது வாரம் சட்டை முழுக்க கிராம்பும் நெய்யுமாக வீட்டுக்குப் போகும்போது அந்த எண்ணம் போய்விடும். பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நல்ல மணத்தையும் குறித்தது. அது எப்படிக் கெட்ட வாடையாக மாறியிருக்கும் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

பிரியாணி மட்டும் என்றால் சமாளித்திருப்போம். திங்கட்கிழமை காலை ஏசியைப் போட்டதும் கால் மணி நேரத்துக்குச் சாக்கடை வாடை வரும். புதிதாகப் போட்ட பிளைவுட் கேபின்களுக்குள் உட்கார்ந்தால் கண் கரிக்கும் ஒரு நெடி. மூன்று வாடை, ஒரே ஏ.எச்.யூ. (காற்றைக் குளிர வைத்து ஆபீஸ் முழுக்கச் சுற்றவிடும் பெரிய ஏசிப் பெட்டி). ஆபீஸ் நிர்வாகம் என் தலையில் விழுந்த வேலை என்பதால் நான்கு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். நான்கிலும் தலைப்பில் ஃபில்டர் என்ற சொல் இருந்தது. உள்ளே இருந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு பொருள்கள்.

முதல் கொட்டேஷன்காரர் பழைய ப்ரீ ஃபில்டருக்குப் பின்னால் மெர்வ் 13 (மெர்வ் என்பது துகளைப் பிடிக்கும் திறனுக்கான தரக்குறி), அதற்கும் பின்னால் ஹெப்பா போடலாம் என்றார். ஹெப்பா என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் இருப்பது, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. எல்லாம் உண்மைதான். ஆனால் அது பிடிப்பது துகளை. வாடை என்பது பெரும்பாலும் வாயு. கிராம்பின் மணத்தைத் தருவது யூஜினால் என்ற பொருள். அதன் மூலக்கூறு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்தான். 0.3 மைக்ரான் என்பது 300 நானோமீட்டர். ஓட்டை பெரிது, மூலக்கூறு சிறிது என்பது மட்டும் காரணம் இல்லை. தூசு ஃபில்டரின் இழையில் மோதினால் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். வாயு மூலக்கூறு ஆயிரம் முறை மோதினாலும் அந்த இழையில் தங்காமல் கிளம்பிவிடும். தங்க வைக்கிற பரப்பு வேறு பொருளில்தான் இருக்கிறது.

அதற்காக அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்றும் தள்ளிவிட முடியாது. தாளிக்கும்போது, வறுக்கும்போது எழும் புகையில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் உண்டு. வாடையில் ஒரு பகுதி அவற்றின் முதுகில் ஏறித்தான் வருகிறது. மெர்வ் 13 மாதிரி நுண்ணிய ஃபில்டர் அந்தத் துளிகளில் ஒரு பங்கைப் பிடிக்கும். ஆனால் பிடித்த எண்ணெய் அங்கேயே சிக்குப் பிடித்துக் கிடக்கும். மாற்றாமல் விட்டால் ஃபில்டரே நாறும். ஹெப்பாவின் இன்னொரு சிக்கல் அழுத்தம். புதிதாக இருக்கும்போதே அது 250 பாஸ்கல் அளவுக்குக் காற்றை எதிர்க்கும். எங்கள் ஏ.எச்.யூ.வின் காற்றைத் தள்ளும் ப்ளோயர் அந்தச் சுமைக்காகத் தேர்ந்தெடுத்தது இல்லை. போட்டிருந்தால் வாடை அப்படியே இருக்க, குளிர் மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாவது கொட்டேஷன்தான் எல்லாவற்றிலும் மலிவு. கார்பன் பூசிய பேட். ஏற்கெனவே இருக்கும் ஃபிரேமில் அப்படியே செருகிவிடலாம். எம்.டி.க்கு உடனே பிடித்துவிட்டது. எனக்குச் சந்தேகம். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் கார்பன் ஃபில்டர் என்று ஒரு கறுப்புத் துண்டு இருந்தது. அதைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து 11 கிராம். கார்பன் நல்ல நிலையில், அதற்குப் பிடித்தமான ஆவிகளைத் தன் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை பிடிக்கும். அந்தத் துண்டில் கரி பாதி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அது வாழ்நாள் முழுக்கப் பிடிக்கக்கூடியது ஒரு கிராம் வாடை. மீன் வறுக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்குமா என்பதே கேள்வி. ஆபீஸ் பேட் அதைவிடப் பெரிதுதான். கணக்கின் கதை மாறாது.

இந்த இடத்தில் கரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆக்டிவேட்டட் கார்பனில் நல்ல ரகம் கொட்டாங்குச்சியில் செய்வது. தென்னை நிறைந்த பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் இது பெரிய தொழில். கொட்டாங்குச்சியை முதலில் கரியாக்கி, பிறகு 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வேக வைத்தால் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரே ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் வரை பரப்பு. நம் கணக்கில் நாலரை கிரவுண்டு மனை, ஒரு சிட்டிகை கரிக்குள். 1915-இல் முதல் உலகப் போரில் குளோரின் வாயுவை அவிழ்த்துவிட்ட பிறகு முகமூடிகளுக்குள் போனதும் இதே சங்கதிதான். 1918-இல் அமெரிக்காவில் வீடு வீடாகப் பீச் பழக் கொட்டைகளையும் ஓடுகளையும் சேகரித்தார்கள், முகமூடிக்குக் கரி செய்ய.

கரி எல்லா வாடையையும் ஒரே மாதிரி பிடிக்காது. கொட்டேஷன் கொடுத்த யாரும் சொல்லாதது இது. தோராயமாக ஒரு விதி உண்டு: எந்தப் பொருளின் கொதிநிலை அதிகமோ அது கரித் துளையில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் ஆவியாகிற லேசான பொருள் ஒட்டாமல் நழுவும். கிராம்பின் யூஜினால் 254 டிகிரியில் கொதிப்பது. பட்டையின் மணப்பொருள் 250 டிகிரி பக்கம். ஏலக்காயில் இருக்கும் சினியோல் 176. அதாவது பிரியாணி மசாலா என்றால் கரிக்குக் கொள்ளைப் பிரியம். சாக்கடை வாடையின் ஹைட்ரஜன் சல்ஃபைடோ பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். பிளைவுட் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு மைனஸ் 19. கழிவறை அம்மோனியா மைனஸ் 33. இவை மூன்றும் சாதாரணக் கரி வழியாக ஏறக்குறைய டிக்கெட் இல்லாமல் போய்விடும். ஒரே ஏ.எச்.யூ.வில் எங்களுக்கு மூன்று வாடை என்றேனே, அதில் ஒன்றுக்குத்தான் கரி மருந்து.

மூன்றாவது கொட்டேஷன்காரருக்கு இது தெரிந்திருந்தது. கரியை ஒரு அங்குலத் தட்டுகளில் நிரப்பி, தட்டுகளை வி வடிவில் அடுக்கி, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசையில் ஊதா நிற மணிகள். அந்த மணிகள் பொட்டாசியம் பர்மாங்கனேட்டில் ஊறவைத்த அலுமினா (அலுமினியம் ஆக்சைடு). கிராமத்துக் கிணற்றுக்கு மருந்து போட்டால் தண்ணீர் ஊதாவாகுமே, அந்தப் பர்மாங்கனேட்தான். இது வாயுவைத் துளைக்குள் அடைத்து வைப்பதில்லை. வேதிவினையால் அதை வேறு பொருளாக மாற்றிவிடும். ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டையும் கையாளும். கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது என்பதால் சென்னைக்குப் பொருந்தும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தீர்ந்துபோனால் மணி பழுப்பாகிவிடும். பார்த்தாலே தெரியும். கரிக்கு அந்த நேர்மை கிடையாது. புதிதும் கறுப்பு, செத்ததும் கறுப்பு.

தட்டை ஏன் வி வடிவில் அடுக்க வேண்டும் என்று கேட்டேன். காற்று கரியோடு இருக்கும் நேரத்துக்காக என்றார். ஏ.எச்.யூ.வுக்குள் காற்று நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு அங்குலக் கரியைக் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான். அதற்குள் மூலக்கூறு துளையைத் தேடி உள்ளே போக முடியாது. பத்தில் ஒரு பங்கு நொடியாவது கிடைத்தால்தான் வேலை நடக்கும். தட்டுகளைச் சாய்த்து அடுக்கினால் பரப்பு கூடி, ஒவ்வொரு தட்டின் வழியாகவும் காற்று மெதுவாக நுழையும்.

சரி, எவ்வளவு கரி? எங்களுடையது 15 டன் ஏசி, சுற்றும் காற்று சுமார் 6,000 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 6,000 கன அடி. அதற்கு 0.1 நொடி என்றால் 280 லிட்டர் கொள்ளளவு, எடையில் 140 கிலோ கரி. காலாவதியானால் மறுபடி 140 கிலோ. அந்தத் தட்டுகளை வைக்க ஏ.எச்.யூ. அறையில் இடமும் கிடையாது. கணக்கு சரியாக இருந்தது, கொட்டேஷன்தான் கட்டுப்படியாகவில்லை.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று ஓடும் டக்டுக்குள் ஒரு பெட்டி; பிளாஸ்மா, அயான், ஆக்டிவ் ஆக்சிஜன் என்று புரோஷரில் பெயர்கள். ஆக்டிவ் ஆக்சிஜன் என்றால் ஓசோன் தானே என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போனது. ஆள் இருக்கும் இடத்தில் பாதுகாப்பான அளவில் வைத்தால் ஓசோன் வாடையை அதிகம் ஒழிக்காது. வாடையை ஒழிக்கிற அளவுக்கு ஏற்றினால் நுரையீரலுக்கு ஆகாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். கலிபோர்னியாவில் 2010 முதல் 0.05 பி.பி.எம்.-க்கு மேல் ஓசோன் விடும் வீட்டுக் கருவிகளை விற்கவே கூடாது. எங்கள் ஆபீஸில் தரை துடைக்க எலுமிச்சை வாசனை லிக்விட் வேறு. அதில் இருக்கும் லிமோனினும் ஓசோனும் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். கேபினில் அதை ஒழிக்கப் பணம் கொடுத்து, ஹாலில் அதையே தயாரிக்க இன்னொரு பணம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூட்டிய காலி அறையில் ஓசோனை ஓடவிட்டு, நன்றாகக் காற்றாட வைத்த பிறகு ஆட்களை உள்ளே விடுவது வேறு கதை.

இதற்கிடையில் வருடாந்திர சர்வீஸுக்கு எங்கள் பழைய மெக்கானிக் வந்தார். கொட்டேஷன் கொடுக்காத ஒரே ஆள். திங்கட்கிழமைச் சாக்கடை வாடையைச் சொன்னேன். ஏ.எச்.யூ.வைத் திறந்து, குனிந்து டிரெயின் பைப்பைப் பார்த்தார்.

"சார், இது ஏசி நாத்தம் இல்ல. பாத்ரூம் நாத்தம்."

"ஏசிக்குள்ள பாத்ரூம் எங்கண்ணே வந்துச்சு?"

"இந்தப் பைப்புல யு பெண்டு எங்க? நேரா கழிவு லைன்ல கொண்டுபோய் ஒட்டி வச்சிருக்கான்."

குளிர வைக்கும் காயிலுக்குப் பின்னால் ப்ளோயர் இருக்கிற ஏ.எச்.யூ.வில், டிரெயின் தட்டு இருக்கும் இடம் உறிஞ்சும் பக்கம். யு வளைவில் தண்ணீர் நின்றால்தான் அது அடைப்பாக இருக்கும். வளைவே இல்லையென்றால் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரிதான். கழிவு லைனிலிருந்து காற்றை இழுத்து ஆபீஸ் முழுக்கப் பரிமாறும். இரண்டு நாள் விடுமுறையில் பெட்டிக்குள் வாயு தேங்கி நிற்கும், அதனால்தான் திங்கட்கிழமை உக்கிரம். ஒரு முழம் பி.வி.சி. பைப், மூன்று எல்போ, அரை மணி நேரம். பைப்பின் வாயைக் கழிவு லைனில் ஒட்டாமல், தரை டிராப்புக்கு மேலே இடைவெளி விட்டு நிறுத்தினார். மறு திங்கட்கிழமை வாடை இல்லை. மூன்றாவது கொட்டேஷனில் ஊதா மணிகள் பாதி இந்த வாடைக்காகத்தான் கணக்கிடப்பட்டிருந்தன.

அவர் போகும்போது இன்னொரு வேலையும் செய்தார். சாமி படத்தின் முன்னாலிருந்த ஊதுபத்தியை எடுத்து, மூடிய வாசல் கதவின் கீழ் இடுக்கில் பிடித்தார். புகை மேலே போகவில்லை. படுத்துக்கொண்டு, வேகமாக உள்ளே ஓடியது. படிக்கட்டின் காற்று முழுக்க எங்கள் ஆபீஸுக்குள் வந்துகொண்டிருந்தது. படிக்கட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணம் எளிது. இரண்டு கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன்களும் சேர்ந்து சுமார் 300 சி.எஃப்.எம். வெளியே தள்ளுகின்றன. வெளிக்காற்றை உள்ளே விடும் ஃப்ரெஷ் ஏர் டேம்பரை எப்போதோ யாரோ கரண்ட் மிச்சம் பிடிக்க மூடிவிட்டார்கள். வெளியே போகிற 300-க்கு ஈடாக எங்காவது உள்ளே வந்தாக வேண்டும். கதவிடுக்கு வழியாக வந்தது. இப்படி ஒரு இடத்தில் ஏ.எச்.யூ.வுக்குள் எந்த ஃபில்டரைப் போட்டாலும், வாடை முதலில் ஆபீஸுக்குள் வந்து, 38 மூக்குகளைச் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஃபில்டருக்குப் போகும். 140 கிலோ போட்டாலும் வரிசை அதுதான்.

அப்படியானால் டேம்பரைத் திறந்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, திறந்தும் பார்த்தேன். மதியம் நிலைமை இன்னும் மோசம். ஃப்ரெஷ் ஏர் ஜாலி கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்தில் இருக்கிறது; அதற்கு நேர் கீழே கடையின் எக்ஸாஸ்ட் பைப். சூடான காற்று மேலே ஏறி நேராக எங்கள் ஜாலிக்குள். வெளிக்காற்று என்றால் சுத்தக் காற்று என்று நாம் சும்மா எழுதிக்கொள்கிறோம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் முடிவு வந்தது. சுற்றுகிற 6,000 சி.எஃப்.எம்.-ஐ ஏன் சுத்தம் செய்ய வேண்டும்? பிரியாணி வாடை உள்ளே உற்பத்தியாவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. வருகிற காற்றை மட்டும் சுத்தம் செய்தால் போதும். அது எவ்வளவு? கட்டடக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரநிலை ஆஷ்ரே 62.1 கணக்கில் ஆபீஸ் என்றால் ஆளுக்கு 5 சி.எஃப்.எம்., அதோடு சதுர அடிக்கு 0.06. எங்கள் 38 பேருக்கும் 3,000 சதுர அடிக்கும் 370. நாங்கள் 400 என்று வைத்தோம். கழிவறை எடுக்கும் 300 போக 100 மிச்சம். அந்த மிச்சம் கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளும், படிக்கட்டு வாடை உள்ளே வராது. 400 சி.எஃப்.எம்.-க்கு அதே 0.1 நொடிக் கணக்கில் வேண்டிய கரி பத்து கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. 140 எங்கே, பத்து எங்கே.

மூன்றாவது கொட்டேஷன்காரரையே திரும்பக் கூப்பிட்டோம். கணக்குத் தெரிந்தவர் என்பதால். ஜாலியைச் சந்திலிருந்து எடுத்துப் பின்பக்கச் சுவரின் உச்சிக்கு மாற்றினோம். ஒரு சின்ன இன்லைன் ஃபேன், ப்ரீ ஃபில்டர், எண்ணெய்த் துளிக்கு ஒரு நுண்ணிய ஃபில்டர், கரித் தட்டுகள், கரித்தூள் பறந்து வராமல் பின்னால் இன்னொரு மெல்லிய ஃபில்டர். எல்லாம் சேர்ந்து 200 பாஸ்கல் பக்கம் எதிர்ப்பு. அதற்கு ஏற்ற ஃபேனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பெரிய ப்ளோயரைத் தொட வேண்டியதில்லை. நுண்ணிய ஃபில்டரைக் கரிக்கு முன்னால் வைப்பது முக்கியம். எண்ணெய் படிந்த கரி என்பது துளையெல்லாம் அடைத்த கரி.

குறை இல்லாமல் இல்லை. கரிக்கு ஈரம் ஆகாது. ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினால் துளைகளில் தண்ணீர் குடியேறத் தொடங்கும். சென்னை வெளிக்காற்று ஐப்பசி மழையில் எப்படி இருக்கும் என்று தெரியும். யூஜினால் மாதிரி கனமான பொருள்கள் தண்ணீரைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துவிடும் என்பதால் எங்கள் வாடைக்கு அது ஓரளவு சமாளிக்கக்கூடியது. வேறு வாடை உள்ளவர்கள் இதே ஏற்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்க வேண்டாம். எங்கே வைத்தாலும் கூலிங் காயிலுக்கு உடனே பின்னால் மட்டும் கரியை வைக்காதீர்கள். அங்கே காற்றின் ஈரப்பதம் 90-க்கு மேல்.

அப்புறம், கரி எப்போது தீர்ந்தது என்று தெரிந்துகொள்ளத் தட்டை மாதாமாதம் எடைபோடும் புத்திசாலித்தனமான யோசனை ஒன்று எனக்கு வந்தது. மழை பெய்த வாரத்தில் எடை ஏறியது, வெயிலில் இறங்கியது. நான் அளந்தது வானிலையை. இப்போது கூரியர் தம்பிதான் எங்கள் மீட்டர். உள்ளேயே இருப்பவன் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும், அதன் சாட்சி செல்லாது. அவன் தினமும் 12.30-க்கு வெளியிலிருந்து வருகிறான். முதல் வாரம் அவனாகவே, "அண்ணா, கீழ கடை லீவா?" என்றான். கடை திறந்துதான் இருந்தது, வரிசையும் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரி மாற்றுவது என்று வைத்திருக்கிறோம்; அதற்கு முன்னால் அவன் முகம் சுளித்தால் அன்றே.

கேபின் நெடி ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. அது உள்ளேயே உற்பத்தியாகிற வாடை என்பதால் ஃப்ரெஷ் ஏர் கரித் தட்டால் நேரடியாக எதுவும் செய்ய முடியாது. 400 சி.எஃப்.எம். புதுக்காற்று அதைக் கலைத்துக் குறைத்தது. அறுத்துவிட்டு மூடாமல் விட்டிருந்த பிளைவுட் விளிம்புகளுக்கெல்லாம் லிப்பிங் என்கிற மூடு பட்டியை ஒட்டச் சொன்னோம், அங்கிருந்துதான் அதிகம் கசியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் ஜன்னல்களைத் திறந்து வைத்தார். மூன்று மாதத்தில் கண் கரிப்பது நின்றது. அது நிற்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு கேபின்களுக்கு மட்டும் ஊதா மணி போட்ட ஒரு சின்ன யூனிட் வாங்குவதாக இருந்தேன். கிளினிக், சலூன், சாயக் கடை மாதிரி வாடை உள்ளேயே பிறக்கிற இடங்களில் கணக்கு வேறு. அங்கே முதலில் வாடை பிறக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட், மிச்சத்துக்குச் சுற்றும் காற்றில் கரி. அங்கே கிலோவில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது.

இப்போதும் மதியம் யாராவது வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசினால் தம் வாசனை ஒரு சுற்று வந்துவிட்டுப் போகிறது. டோர் க்ளோசர் தளர்ந்திருக்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.